மணத்தை வாசிக்கும் மூளை

2018ஆம் ஆண்டின் கடைசி. நான் அப்போது எட்டாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்பாறை மாவட்டத்தின் மேட்டுநிலப் பகுதியில் வாப்பாவுக்கு இரண்டு ஏக்கர் சோளன் காணி இருந்தது. பெரும்போக மழை நன்றாகப் பெய்து, பயிர் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்த வேளையில் ஒரு புதிய பெயர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. அதுதான் சேனா படைப்புழு. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட அந்தப் புழு 2016இல் ஆபிரிக்காவிலும், 2018இன் நடுப்பகுதியில் இந்தியாவிலும் காணப்பட்டு, அதே ஆண்டின் இறுதியில் இலங்கையின் சோளன் நிலங்களுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

விவசாயப் போதனாசிரியர் ஒருவர் காணியில் ஒரு பொறியைக் கட்டித் தந்தார். பச்சை மூடி, மஞ்சள் புனல், அதன் கீழே வெள்ளை வாளி. மூடியின் அடியில் ஓர் அழிறப்பரைவிடச் சிறிய றப்பர்த் துண்டு இருந்தது. அதில் பெண் அந்துப்பூச்சியின் மணத்தைப் போன்ற ஓர் இரசாயனப் பொருள் ஊறியிருப்பதாக அவர் சொன்னார். நான் மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். றப்பர் வாடையைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் விடியற்காலையில் வாப்பாவுடன் போய் மூடியைத் திறந்தபோது வாளிக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சிகள் கிடந்தன.

"பாருங்க மகள், எல்லாம் வந்து விழுது. இப்பிடியே பிடிபட்டா பூச்சி முடிஞ்சிரும்" என்று வாப்பா மகிழ்ந்தார்.

பூச்சி முடியவில்லை. இரண்டு கிழமைகளில் குருத்துகள் கிழிந்தன. அவற்றின் மடிப்புகளில் ஈரமான மரத்தூள் போலப் புழுவின் எச்சம் நிறைந்தது. பாதிக்கு மேற்பட்ட பயிர் போய்விட்டது. அடகில் இருந்த உம்மாவின் காப்பு அந்த ஆண்டு வீட்டுக்குத் திரும்பவில்லை.

எனக்குள் இரண்டு கேள்விகள் தங்கிவிட்டன. என் மூக்குக்கு எட்டாத ஒரு மணம் அந்தப் பூச்சிகளுக்கு எப்படி எட்டியது? இவ்வளவு பூச்சிகளைப் பிடித்தும் பயிர் ஏன் அழிந்தது? இப்போது உயர்தரத்தில் நரம்புத்தொகுதியைப் படிக்கும்போது அந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் பார்த்தேன். நான் விளங்கிக்கொண்டவற்றை என் தோழிகளுடனும், நம் கல்லூரியின் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மே மாத இரவொன்று

பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் செரிஞ்ஞான் என்ற சிற்றூரில் ஜோன் ஹென்றி ஃபாப்ரே என்ற பூச்சியியலாளர் வாழ்ந்தார். ஒரு மே மாதக் காலையில் அவருடைய மேசையில் இருந்த கூட்டிலிருந்து பெரிய மயில் அந்து எனப்படும் இனத்தின் பெண் ஒன்று வெளிவந்தது. அவர் அதைக் கம்பிவலைக் கூண்டால் மூடி வைத்தார். அன்றிரவு அவருடைய சிறிய மகன் கூச்சலிட்டு அழைக்க, ஓடிப்போய்ப் பார்த்தால் அறை முழுவதும் பறவைகள் அளவான ஆண் அந்துகள். ஏறத்தாழ நாற்பது வந்திருந்தன. எட்டு மாலைகளில் மொத்தம் 150 வந்தன. அந்த இனமோ அப்பகுதியில் அரிதானது.

அவை எதைப் பின்பற்றி வந்தன? ஃபாப்ரே பெண் பூச்சியை இறுக மூடிய பெட்டியில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. சிறு இடைவெளி உள்ள பெட்டியில் வைத்தார், வந்தன. எனவே காற்றோடு ஏதோ வெளியேறுகிறது. ஆனால் அறைக்குள் நெடி மிகுந்த நப்தலீனைப் பரப்பி வைத்தபோதும் ஆண்கள் தடுமாறவில்லை. ஒரு மணம் இன்னொரு மணத்தை மூடிவிடும் என்றுதான் நாம் எண்ணுவோம். அவரும் அப்படித்தான் எண்ணியிருந்தார். மனித மூக்கை அளவுகோலாக வைத்துப் பார்த்ததால் அந்தப் புதிர் அவருக்கு முழுமையாக அவிழவில்லை.

ஐந்து இலட்சம் பட்டுப்பூச்சிகள்

அந்தப் பொருள் என்ன என்பதைக் கண்டுபிடித்தவர் ஜேர்மனிய இரசாயனவியலாளர் அடோல்ப் பூட்டனாண்ட். இவர் பாலியல் ஓமோன்கள் பற்றிய ஆய்வுக்காக 1939இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசுக்குத் தெரிவானவர். மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்த்துவரும் பட்டுப்பூச்சியை இவர் தெரிவு செய்தார். வளர்ந்த பட்டுப்பூச்சி உண்பதில்லை; பறப்பதும் இல்லை. பெண்ணின் மணம் கிடைத்தால் ஆண் சிறகை வேகமாக அடித்துக்கொண்டு நடந்து போகும். ஆகவே ஒரு கரைசலில் அப்பொருள் இருக்கிறதா என்று அறிய, ஆண் பூச்சியின் முன்னால் பிடித்துச் சிறகைப் பார்த்தாலே போதும்.

ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பு. ஏறத்தாழ 5 இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் மணச்சுரப்பிகள். இறுதியில் கிடைத்தது சில மில்லிகிராம் மட்டுமே. 1959இல் அதன் கட்டமைப்பு வெளியிடப்பட்டது. பதினாறு காபன் அணுக்கள் கொண்ட ஓர் அற்ககோல் அது. பட்டுப்பூச்சியின் விஞ்ஞானப் பெயரான பொம்பிக்ஸ் மோரி என்பதிலிருந்து அதற்குப் பொம்பிக்கோல் என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் பீட்டர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் ஆகிய இருவரும் இத்தகைய பொருட்களுக்குப் பெரமோன் என்ற பொதுப்பெயரை முன்வைத்தனர். ஓமோன் ஒரே உடலுக்குள் செய்தி கொண்டு செல்கிறது. பெரமோன் ஓர் உடலிலிருந்து வெளியேறி, அதே இனத்தைச் சேர்ந்த இன்னோர் உடலுக்குச் செய்தி கொண்டு செல்கிறது. வேறுபாடு இவ்வளவுதான்.

உணர்கொம்பு பிடிக்கிறது

ஆண் பட்டுப்பூச்சியின் உணர்கொம்பு ஒரு சீப்புப் போலவோ, பறவையின் இறகு போலவோ இருக்கும். ஒவ்வோர் உணர்கொம்பிலும் பெரமோனை உணரும் நீண்ட மயிர்கள் ஏறத்தாழ 17,000 உள்ளன. ஒவ்வொரு மயிரின் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உள்ளே நீர்த்தன்மையான ஒரு திரவம். அந்தத் திரவத்துக்குள் இரண்டு நரம்புக்கலங்களின் நுனிகள் நீண்டிருக்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. பொம்பிக்கோல் எண்ணெய்த்தன்மையானது. தண்ணீரில் எளிதாகக் கலக்காது. நுண்துளை வழியே நுழைந்த மூலக்கூறு நரம்புக்கலத்தை அடைவது எப்படி? அதற்கு ஒரு தோணி இருக்கிறது. 1981இல் ரிச்சர்ட் வோக்ட், லின் ரிடிஃபோர்ட் ஆகியோர் பெரிய பட்டு அந்து இனமொன்றின் உணர்கொம்பிலிருந்து பெரமோன் பிணைப்புப் புரதம் ஒன்றைக் கண்டறிந்தனர். அப்புரதம் பெரமோன் மூலக்கூறைத் தனக்குள் அடக்கித் திரவத்தைக் கடத்திச் செல்கிறது. நரம்புக்கலத்தின் மென்சவ்வை அண்மித்ததும் அதன் வடிவம் மாற, மூலக்கூறு விடுபடுகிறது. மென்சவ்வில் இருக்கும் வாங்கிப் புரதம் அதை ஏற்கிறது. உடனே அயன்கள் கலத்துக்குள் பாய்கின்றன. மின்னழுத்தம் மாறுகிறது. ஒரு கணத்தாக்கம் பிறந்து மூளையை நோக்கி ஓடுகிறது. வந்த வேலை முடிந்த மூலக்கூறுகளை நொதியங்கள் உடைத்துவிடுகின்றன. இல்லாவிட்டால் பழைய செய்தியே ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும்.

1957இல் ஜேர்மனியின் டீட்ரிஷ் ஷ்னைடர் ஓர் உணர்கொம்பின் இரு முனைகளிலும் மின்வாய்களைப் பொருத்தி, பெரமோன் படும்போது எழும் மின்மாற்றத்தைப் பதிவு செய்தார். அவரைத் தொடர்ந்து கார்ல் ஏர்ன்ஸ்ட் கைஸ்லிங், ஏர்ன்ஸ்ட் பிரீஸ்னர் ஆகிய இருவரும் 1970இல் வெளியிட்ட முடிவு இன்றும் வியப்பூட்டுவது. ஒரு கணத்தாக்கத்தை எழுப்ப ஒரேயொரு பொம்பிக்கோல் மூலக்கூறு போதும். ஒன்றைவிடக் குறைந்த மூலக்கூறு இல்லை. ஆகவே இதைவிடக் கூர்மையான ஒரு மூக்கு இருக்க முடியாது.

மூளை கூட்டிப் பார்க்கிறது

ஒரு மூலக்கூறு பட்டதும் ஆண் பூச்சி புறப்பட்டுவிடுமா? இல்லை. ஏன் என்று கேட்டால், நரம்புக்கலங்கள் சில வேளைகளில் எந்த மூலக்கூறும் படாமலே தாமாகக் கணத்தாக்கங்களை எழுப்புகின்றன. யாரும் தட்டாமலே காற்றில் கதவு ஆடி ஓசை எழுப்புவது போன்றது இது. ஒவ்வோர் ஓசைக்கும் எழுந்து போய்க் கதவைத் திறந்தால் வீட்டில் வேறு வேலை நடக்காது. கைஸ்லிங்கின் கணிப்பின்படி, குறுகிய நேரத்துக்குள் ஏறத்தாழ 200 மூலக்கூறுகள் நரம்புக்கலங்களைத் தாக்கினால்தான் ஆண் சிறகடிக்கத் தொடங்குகிறது. தனியொரு நரம்புக்கலத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆயிரக்கணக்கான நரம்புக்கலங்களின் செய்தியை ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்கும்போதுதான், இது வெறும் இரைச்சல் அல்ல, அழைப்பு என்பது தெளிவாகிறது.

அவ்வாறு சேர்த்துப் பார்க்கும் இடம் மூளையின் முன்பகுதியில் உள்ள உணர்கொம்புச் சோணை ஆகும். அதற்குள் நரம்பிணைப்புகள் நெருங்கித் திரண்ட சிறு உருண்டைகள் பல உள்ளன. ஒரே வகை வாங்கியைக் கொண்ட நரம்புக்கலங்கள் உணர்கொம்பில் எங்கு இருந்தாலும், அவற்றின் நார்கள் ஒரே உருண்டையில் வந்து முடிகின்றன. பல ஊர்களில் இடப்பட்ட கடிதங்கள் முகவரிப்படி ஒரே தபாற்பெட்டியில் வந்து விழுவது போன்றது இது. பழம், இலை, பூ முதலியவற்றின் மணங்களுக்கான உருண்டைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு. ஆனால் நரம்பு நுழையும் வாசலருகே ஆணுக்கு மட்டும் சில பெரிய உருண்டைகளின் தொகுதி இருக்கிறது. அது பெரமோனுக்கே ஒதுக்கப்பட்டது. நப்தலீனின் நெடி வேறு வாங்கிகளுக்கும் வேறு உருண்டைகளுக்கும் உரியது என்பதால், பெரமோனுக்கான இந்தத் தனிப்பாதையை அதனால் அடைக்க முடியவில்லை. ஃபாப்ரேயின் புதிர் இங்கே அவிழ்கிறது.

இப்பெரிய உருண்டைகளுக்குள் ஆயிரக்கணக்கான நார்கள் நுழைகின்றன. அவற்றின் செய்தியைப் பெற்று மூளையின் உட்பகுதிக்குக் கொண்டு செல்லும் கலங்களோ சில பத்துகள்தாம். பலரின் மெல்லிய குரல் சிலரின் தெளிவான குரலாக மாறுவது இவ்வாறே.

இந்தப் பாதையைப் பற்றிய இரண்டு பரிசோதனைகள் என் மனதைக் கவர்ந்தன. முதலாவது, ஜோன் ஹில்டிபிராண்டும் உடன் ஆய்வாளர்களும் 1980களில் செய்தது. புகையிலைக் கொம்புப்புழு என்னும் இனத்தின் ஆண் புழுவிலிருந்து, பின்னர் உணர்கொம்பாக வளரவேண்டிய இழையத்தைப் பெண் புழுவுக்கு மாற்றிப் பொருத்தினர். அப்பெண் வளர்ந்தபோது அதன் மூளையில் ஆணுக்குரிய பெரிய உருண்டைகள் உருவாகியிருந்தன. அது பெரமோனை நோக்கி ஆணைப் போலவே காற்றை எதிர்த்துப் பறந்தது. வெளியிலிருந்து வந்து சேரும் நார்களே மூளையின் அந்தப் பகுதியை வடிவமைக்கின்றன என்பது இதனால் விளங்கியது.

இரண்டாவது, ஜப்பானில் ரியோஹெய் கன்சாகியின் குழுவினர் 2011இல் வெளியிட்டது. கோவாப் பயிரைத் தாக்கும் வைரமுதுகு அந்துவின் வாங்கியை, பட்டுப்பூச்சியின் பொம்பிக்கோல் நரம்புக்கலங்களில் மரபணு மாற்றத்தின் மூலம் உருவாக்கினர். அந்த ஆண் பட்டுப்பூச்சிகள் வைரமுதுகு அந்துப் பெண்களின் மணத்துக்கும் சிறகடித்துத் தேடத் தொடங்கின. மூளையில் எதையும் மாற்றவில்லை. வாசலில் இருந்த பூட்டை மாற்றினர், அவ்வளவே. அந்தப் பாதையில் செய்தி வந்தால் அது தன் இனத்துப் பெண்ணின் அழைப்பு என்றே மூளை எடுத்துக்கொள்கிறது.

எங்கள் காணியில் நடந்ததும் இதுதானே என்று அப்போது தோன்றியது. றப்பர்த் துண்டும் பூச்சியின் வாசலில் சரியான சாவியைப் போட்டிருந்தது.

விகிதமும் எச்சரிக்கையும்

ஆனால் ஒரே சாவியைப் பல இனங்கள் பயன்படுத்தினால் என்ன செய்வது? பெரும்பாலான அந்துப்பூச்சிகளின் பெரமோன் ஒரே பொருளல்ல. இரண்டு அல்லது பல பொருட்களின் கலவை. உம்மா கறித்தூள் இடிக்கும்போது கொத்தமல்லியும் சீரகமும் எல்லா வீட்டுத் தூளிலும் இருப்பவைதான். அளவில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. ஐரோப்பாவில் சோளனைத் துளைக்கும் ஒரு தண்டுதுளைப்பான் உண்டு. அதில் இரண்டு வகைகள் உள்ளன. இரண்டும் அதே இரு பொருட்களையே வெளிவிடுகின்றன. ஒரு வகையில் விகிதம் 97:3. மற்றதில் அது கிட்டத்தட்டத் தலைகீழாக, 1:99 அளவில் இருக்கிறது. ஒரு வகையின் ஆண் பொதுவாக மற்ற வகையின் பெண்ணிடம் போவதில்லை.

வேறு சில இனங்களில், "இது உன் இனமல்ல" என்று சொல்லும் எச்சரிக்கைப் பாதையும் இருக்கிறது. அமெரிக்காவின் சோளன் கதிர்ப்புழு அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதன் பெரமோனுடன் வேறோர் இனத்துக்குரிய ஒரு பொருளைக் கலந்தால் ஆண்கள் விலகிவிடுகின்றன. 1998இல் தோமஸ் பேக்கரும் அவரது குழுவினரும் அந்த இரண்டு மணங்களின் இழைகளையும் காற்றில் ஒரு மில்லிமீற்றர் மட்டும் பிரித்து அனுப்பினர். நேரத்தில் சொன்னால் அது ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு. அப்போது முன்னரைவிடக் கூடுதலான ஆண்கள் தேடி வந்தன. இரண்டும் ஒரே பெண்ணிடமிருந்து வரவில்லை, அருகருகே இருக்கும் இரண்டு பெண்களிடமிருந்து வருகின்றன என்று அவை பிரித்தறிந்திருந்தன. சோற்றுப் பருக்கையைவிடச் சிறிய ஒரு மூளை இதைச் செய்கிறது.

அறுந்த இழையைப் பின்தொடர்தல்

சாம்பிராணிப் புகையைக் கவனித்துப் பாருங்கள். சட்டியருகே ஒரே கற்றையாக எழும் புகை, சற்றுத் தூரம் போனதும் இழை இழையாக அறுந்து சுழல்கிறது. இடையிடையே புகையே இல்லாத வெற்றிடங்கள். பெரமோனும் காற்றில் அவ்வாறே அலைகிறது. எனவே "மணம் கூடும் பக்கம் போ" என்ற எளிய விதி தூரத்தில் இருக்கும் பூச்சிக்கு உதவாது. ஒரு கணம் மணம் வரும். மறுகணம் ஒன்றும் இராது.

இந்த இடைவெளிகளைப் பூச்சியின் மூளை குறையாகக் கொள்வதில்லை; அவற்றையும் செய்தியாகவே வாசிக்கிறது. உணர்கொம்புச் சோணையில் அடக்கும் நரம்புக்கலங்கள் பல உண்டு. ஒரு மணத்துடிப்புக்கு எழுந்த எதிர்வினையை அவை விரைவில் தணித்து, அடுத்த துடிப்புக்கு இடம் தருகின்றன. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், புகையிலைக் கொம்புப்புழு அந்துவின் பெரமோன் உருண்டைகளில் இந்த அடக்குதலை ஒரு மருந்தால் தடுத்தனர். மணம் உணரப்பட்டது. ஆனால் துடிப்புகளுக்கு இடையிலான மௌனம் மங்கிப்போனது. அந்தப் பூச்சிகள் மணத்தின் மூலத்தைக் கண்டுபிடிக்கத் தடுமாறின. கேட்பதற்கு ஒலி எவ்வளவு தேவையோ, அவ்வளவுக்கு இடைவெளியும் தேவை.

மணம் படும்போது பட்டுப்பூச்சி நேராக முன்னே நடக்கிறது. மணம் அறுந்ததும் இடமும் வலமுமாக வளைந்து தேடுகிறது. அப்போதும் கிடைக்காவிட்டால் வட்டமாகச் சுற்றுகிறது. மீண்டும் ஓர் இழை பட்டால் மறுபடி நேராக நடக்கத் தொடங்குகிறது. மூளையில் சில நரம்புக்கலங்கள் ஒரு துடிப்பு வந்ததும் உயர்ந்த நிலைக்கும், அடுத்த துடிப்பில் தாழ்ந்த நிலைக்கும் மாறி, அந்நிலையிலேயே நிற்கின்றன. மின்குமிழின் ஆளியைப் போன்ற இவையே இப்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை நினைவில் வைத்திருக்கின்றன. கன்சாகியின் குழுவினர் ஆண் பட்டுப்பூச்சி ஒன்றைச் சிறிய வண்டியில் ஒரு பந்தின் மேல் நடக்கவிட்டு, அதன் நடைக்கேற்ப வண்டியை ஓடச் செய்தனர். வண்டி மணத்தின் மூலத்தைச் சென்றடைந்தது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்படி வேண்டுமென்றே குழப்பியபோதும் பூச்சி அதைச் சரிசெய்துகொண்டது.

காணிக்குத் திரும்புவோம்

இப்போது என் இரண்டாவது கேள்வி. இவ்வளவு பூச்சிகளைப் பிடித்தும் பயிர் ஏன் அழிந்தது?

விடை, நான் மேலே எழுதிய ஒரு வரியிலேயே இருக்கிறது. பெரமோனைத் தேடி வருவது ஆண். வாளியில் கிடந்த முப்பதும் ஆண் பூச்சிகள். முட்டையிடும் பெண் அந்தப் பொறிப்பக்கம் வரவே இல்லை. ஓர் ஆண் பல பெண்களுடன் சேரக்கூடியது. எனவே சில ஆண்களை அகற்றுவதால் முட்டைகள் குறைந்துவிடுவதில்லை. பெண் அந்து ஓர் இலையில் நூறு, இருநூறு முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, தன் உடலின் செதில்களால் பூஞ்சணம் போல மூடிவிட்டுப் போகிறது. வெப்பமான காலத்தில் அவை இரண்டு மூன்று நாட்களில் பொரிக்கின்றன. சிறு புழுக்கள் குருத்துக்குள் இறங்கிவிட்டால் அதன்பின் மருந்தும் இலகுவில் எட்டாது.

ஆக, அந்தப் பொறி மருந்தல்ல. அது ஒரு செய்தி. "பூச்சி வந்துவிட்டது. இன்றே இலைகளைப் போய்ப் பாருங்கள்" என்பதே முப்பது என்ற எண்ணின் பொருள். போதனாசிரியர் அதையும் அன்று சொல்லியிருக்கிறார். வாளி நிறைந்த மகிழ்ச்சியில் நாங்கள்தான் பாதியைக் கேட்டு மீதியை விட்டுவிட்டோம். செய்தி எங்கள் வாசல்வரை வந்தது. வாசிக்கத்தான் தெரியவில்லை.

பெரமோனைக் கொண்டே பூச்சியைக் கட்டுப்படுத்தும் முறைகளும் உலகில் உண்டு. தோட்டம் முழுவதும் செயற்கைப் பெரமோனைப் பரப்பினால் ஆண்களுக்குப் பெண் இருக்கும் திசையை அறிய முடியாமல் போகிறது. அப்பிள் தோட்டங்களில் இம்முறை பரவலாகப் பயன்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் பருத்தியைத் தாக்கிய இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை ஒழிப்பதற்குக் கையாண்ட பல வழிகளில் இதுவும் ஒன்று. அப்புழு தன் பருத்தி நிலங்களிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அந்நாடு அறிவித்தது 2018 ஒக்டோபரில். அதே ஆண்டின் முடிவில்தான் எங்கள் காணியில் சேனா இறங்கியது.

அடுத்த பெரும்போகத்தில் வாப்பா மறுபடியும் பொறியைக் கட்டினார். இம்முறை என் பழைய கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் நாங்கள் தினமும் எண்ணிக்கையை எழுதினோம். இரண்டு, ஒன்று, மூன்று, இரண்டு என்று போய்க்கொண்டிருந்தது ஒருநாள் காலையில் பதினொன்றாக ஏறியது. வாப்பா அன்று மகிழவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்போடு இறங்கினார். நானும் தம்பியும் பின்னால் போனோம். இலைகளைப் புரட்டிப் பூஞ்சணம் படர்ந்தது போலிருந்த குவியல்களைத் தேடித் தேடி விரல்களால் நசுக்கினோம். மூன்று நாட்கள் அதே வேலை. மீதியாக வந்த புழுக்களுக்கு உரிய காலத்தில், போதனாசிரியர் சொன்ன அளவில் மருந்து அடிக்க முடிந்தது. அந்தப் போகத்திலும் சேதம் இல்லாமலில்லை. ஆனாலும் உம்மாவின் காப்பு வீட்டுக்கு வந்தது.

தோழிகளே, பாடப்புத்தகத்தில் வாங்கி, கணத்தாக்கம், நரம்பிணைப்பு என்ற சொற்களைப் பரீட்சைக்காக நாம் மனனம் செய்கிறோம். அவை நம் வீட்டுக் காணியிலும் வேலை செய்துகொண்டிருந்தன என்பதை நான் தாமதமாகவே அறிந்தேன். ஆண் அந்து தனியொரு மூலக்கூறை நம்பிப் புறப்படுவதில்லை. பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறது. கலவையின் விகிதத்தைக் கவனிக்கிறது. இடைவெளியையும் கேட்கிறது. இழை அறுந்தால் சோர்ந்து நின்றுவிடாமல் இடமும் வலமும் தேடுகிறது. பிடிப்பது உணர்கொம்பின் வேலை. அதன் பொருளை அறிவது மூளையின் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறது.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் படிக்கும் பாடத்தைப் பற்றி இடைக்கிடை அவர்களிடம் கேளுங்கள். உங்கள் காணிக்கும் தோட்டத்துக்கும் தேவையான ஏதாவது ஒன்று அதில் இருக்கலாம்.

இப்போதும் போகம் தொடங்கினால் வாப்பா விடியற்காலையில் காணிக்குப் போய் வந்து, சைக்கிளை நிறுத்துவதற்கு முன்னரே வாசலில் நின்று ஓர் எண்ணைச் சொல்வார். உம்மா அடுப்படியிலிருந்து, "நேத்து எத்தின?" என்று கேட்பார். நான் கொப்பியை எடுத்துப் பார்த்துச் சொல்வேன்.